ஓர் எண்ணுக்குப் பதினோராயிரம் வரி

கொள்ளிடம் நீர்வரத்து அறிவிப்பு நடுவத்துக்கு ஒரே ஒரு வேலைதான். காவிரி பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்ற எண்ணைக் கரையோரத்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். முக்கொம்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த எண்ணைத் தட்டி அனுப்புவார். அது நடுவத்தின் இணையதளத்தில் வரும். இந்த வேலைக்காக ஸ்ரீரங்கத்தில் மூன்று மாடிக் கட்டடமும், நாற்பத்தோரு பதவிகளும், இரண்டு ஜீப்புகளும், ஆண்டு விழாவுக்கென்று தனிப் பிரிவும் இருந்தன. முன்பெல்லாம் தண்ணீர் திறந்தால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிப் போவார்கள். இணையதளம் வந்த பிறகு, ஆட்டோ காலத்துக்கு ஒவ்வாதது என்று நிறுத்திவிட்டார்கள்.

இணையதளத்தைப் பராமரிக்க ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் வஹீதா. முப்பது வயது. பாலக்கரையில் அவளுடைய அத்தா மீரானுக்குப் பூட்டுக் கடை. கடைக்கு மேலே வீடு. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி முதல் நாள் அலுவலகத்துக்குப் போனபோது, கண்காணிப்பாளர் சடகோபன் அவளுக்கு ஒரு நாற்காலியையும் ஒரு தொலைபேசியையும் காட்டினார். உட்கார்ந்தவுடன் தொலைபேசி அடித்தது.

“நடுவங்களா? உத்தமர்சீலியிலேர்ந்து பூரணி பேசறேன். முக்கொம்புல எவ்வளவு தொறந்திருக்காங்க?”

“ஒரு நிமிஷம் இருங்கக்கா, பாத்துச் சொல்றேன்” என்று வஹீதா இணையதளத்தைத் திறந்தாள். கணினியிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. திரை வெள்ளையாகவே இருந்தது.

“மேளம் கேக்குது” என்றார் பூரணி. “அப்ப இன்னும் பூ விழலை. நீங்க புதுசாம்மா?”

பூ விழுந்தது. மல்லிகை, ரோஜா, சாமந்தி என்று மேலிருந்து கீழே கொட்டியது. பிறகு ஒரு ரிப்பன் வந்தது. ஒரு கத்தரிக்கோல் வந்து அதை வெட்டியது. ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. தாங்கள் எத்தனையாவது பார்வையாளர் என்று ஓர் எண் சுழன்றது. நான்கு நிமிடம் இருபது நொடி கழித்து, பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், வேண்டிய எண் வந்தது.

“பூஜ்யம்க்கா. இன்னும் தொறக்கலை.”

“நல்லதும்மா. என் போன்ல அரை மணி நேரம் ஆவுது. ஆத்துப் படுகையில எனக்கு வாழை நிக்குது. போன வருஷம் இந்தப் பக்கத்தைத் தொறந்து வச்சுட்டு என் தம்பி சந்திரசேகர் தார் வெட்டப் போனான். ரிப்பன் வெட்டறதுக்குள்ள தண்ணி வந்துருச்சு. பொழுது சாயற வரைக்கும் வேப்பமரத்து மேல உக்காந்திருந்தான். தீயணைப்புக்காரங்க வந்து எறக்குனாங்க.”

தொலைபேசியை வைத்துவிட்டு வஹீதா பக்கத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். எல்லா இணையதளங்களுக்கும் பொதுச் சட்டகம் ஒன்று உண்டு. அதை டெம்ப்ளேட் என்பார்கள், அலுவலகத் தமிழில் வார்ப்புரு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தச் சட்டகம் முழுவதும் முதலில் இறங்கும். அதன் பிறகுதான் விஷயம் வரும். நடுவத்தின் டெம்ப்ளேட்டில் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது வரி கணினிக் குறியீடு இருந்தது. பூ விழுவதற்கு மட்டும் இரண்டாயிரத்து நூறு வரி. மல்லிகை மெதுவாகவும் ரோஜா சுழன்றுகொண்டும் விழுவதற்குத் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். முன்னாள் இயக்குநர்கள் ஒன்பது பேரின் படங்கள் சுவரொட்டி அளவில் இறங்கிக்கொண்டிருந்தன. ஆனால் திரையில் ஒருவரையும் காணவில்லை. புது இயக்குநர் வரும்போதெல்லாம் பழையவர் படத்தை மறைத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை. தண்ணீர் எண் ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டாவது வரியில் இருந்தது. அந்த எண் ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள் என்று மொத்தம் நாற்பத்தோரு பெட்டிகளுக்குள் இருந்தது.

“எதுக்கு சார் இத்தனை பெட்டி?” என்று சடகோபனிடம் கேட்டாள்.

சடகோபன் கோவிலை ஒட்டிய உத்தர வீதிக்காரர். கோவில் காரியம் பேசும் அதே பயபக்தியோடு அலுவலகக் காரியமும் பேசுவார். “நாற்பத்தோரு பதவின்னா இருக்கு? எண்ணானது இளநிலை உதவியாளர்ட்ட ஆரம்பிச்சு இயக்குநர் வரைக்கும் போய்ட்டுதான் ஜனங்களண்டை எழுந்தருளணும். அதான் க்ரமம்.”

“பதினேழு பெட்டி காலியா இருக்கே?”

“அதெல்லாம் காலிப் பணியிடம். நாளைக்கு நியமனம் ஆகி வந்தா அவா எங்கே உக்காருவா?”

வஹீதாவுக்குப் புரியவில்லை. புரியாத விஷயங்களை விட்டுவிட்டு, புரிந்த ஒன்றைச் செய்தாள். பூவை எடுத்தாள். நடுவத்தின் வெள்ளி விழாவுக்குப் போட்ட பூ அது. விழா முடிந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் எதற்குப் பூ என்று நினைத்தாள். பக்கம் ஒரு நிமிடம் சீக்கிரமாகத் திறந்தது. அவள் சந்தோஷமாகத் தேநீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மேஜையில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை இருந்தது. ‘தங்களால் அகற்றப்பட்ட மலர்கள் யாருடைய அனுமதியின் பேரில் அகற்றப்பட்டன என்பதற்கான விளக்கத்தை மூன்று பிரதிகளில்’ என்று தொடங்கியது அது.

இயக்குநர் பீமராவ் தன் அறையில் அவளை உட்காரச் சொன்னார். கோபமே இல்லை. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை, பேசுகிற ஆள்.

“ஏம்மா, வேகம் வேகம்ங்கறே. ஒரு பக்கம் சட்டுனு தொறந்தா என்ன ஆகும்? வந்தவன் சட்டுனு பாத்துட்டுப் போயிடுவான். இப்ப நாலு நிமிஷம் நிக்கறான்ல? அந்த நாலு நிமிஷம்தாம்மா நம்ம நடுவம். தண்ணி எவ்வளவுன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் நம்மளை அவன் எதுக்குப் பாக்கணும்?”

“தண்ணி எவ்வளவுன்னு சொல்றதுதானே சார் நம்ம வேலை?”

“அது வேலை. நான் சொல்றது கௌரவம்” என்றார் பீமராவ். “இருந்தாலும் உன் கருத்தை நான் ஒதுக்கலை. இதுக்கு ஒரு குழு போட்டுடலாம்.”

மறுவாரம் தேவையற்ற குறியீடு குறைப்புக் குழு உருவானது. ஏழு பேர். தலைவர் பீமராவ், செயலர் சடகோபன். முதல் கூட்டத்தில், பூக்களை உடனே பழையபடி விழச் செய்வதென்று முடிவானது. இரண்டாவது தீர்மானம், குழு அமைக்கப்பட்ட செய்தியை மக்களுக்குத் தெரிவிக்க, ஏழு உறுப்பினர்களின் படங்களும் டெம்ப்ளேட்டின் மேற்பகுதியில் இடமிருந்து வலமாக நகர வேண்டும் என்பது. அதற்கு அறுநூற்றுப் பத்து வரி ஆனது. எழுதியவள் வஹீதா. எழுதச் சொன்னார்கள், எழுதினாள். எழுதி முடித்த அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது கூட்டம் முக்கொம்பில் நடந்தது. வரிகளைக் குறைப்பதற்கு முன்னால் தண்ணீர் எப்படிப் பிரிகிறது என்று நேரில் பார்ப்பது அவசியம் என்று குழு கருதியது. இரண்டு ஜீப்பில் போனார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கூடவே போயின. பூங்காவில் சாப்பிட்டு முடித்ததும், கள ஆய்வாக, மதகின் மேல் நின்றுகொண்டு சடகோபன் தன் கைபேசியில் பக்கத்தைத் திறந்தார். நாதஸ்வரம் வந்தது. பூ வந்தது. மேலே ஏழு பேரும் நகர்ந்து போனார்கள். ஒவ்வொருவரும் தன் முகம் வரும்போது நகர்வை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். இருபது நிமிடம் ஆகியும் எண் வரவில்லை. பீமராவ் எட்டிக் கீழே பார்த்தார். மதகு மூடியிருந்தது. “தண்ணி இல்லை. எண்ணும் வரலை. ரெண்டும் ஒத்துப்போகுதே, பக்கம் சரியாத்தான் வேலை செய்யுது” என்றார். அது அப்படியே ஆய்வறிக்கையில் ஏறியது.

இதற்கிடையில் பூரணி தினமும் தொலைபேசியில் கேட்பதும் வஹீதா சொல்வதும் நடந்துகொண்டிருந்தது. பூரணி சொல்லி, பக்கத்து ஊர் கிளிக்கூட்டிலிருந்தும் நாலைந்து பேர் கேட்க ஆரம்பித்தார்கள். அதுவும் பீமராவுக்குத் தெரிந்தது. நீர்வரத்து விவரங்களை இணையதளத்தின் வழியாக மட்டுமே வழங்க வேண்டும், வாய்மொழியாகச் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்குரியது என்று சுற்றறிக்கை வந்தது. அன்று மாலை சடகோபன் வந்து தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போனார். “ஜனங்களோட நேரா சம்பாஷணை பண்ணப்படாதும்மா. அப்புறம் அவாளுக்கு நம்ம க்ரமமே மறந்துடும்” என்றார்.

மூன்றாம் நாள் பூரணி நேரில் வந்துவிட்டார். அதுவரை குரல்தான் தெரியும். நாற்பத்தைந்து வயதிருக்கும், உயரமான பெண்மணி. கையில் வாழைக்கறை. வந்தவர் வணக்கம்கூடச் சொல்லாமல் தன் கைபேசியை வஹீதாவின் மேஜையில் வைத்தார்.

“உத்தமர்சீலியில பஸ் ஏறறப்ப உங்க பக்கத்தைத் தொறந்தேம்மா. திருவானைக்காவல்ல பூ விழ ஆரம்பிச்சுது. எண் வரட்டும்னு நான் எறங்காம அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், டீ குடிச்சுட்டு, வேற பஸ் மாறி இங்க வந்துட்டேன். இப்பதான் கத்தரிக்கோல் வருது. பாருங்க.”

வஹீதா பார்த்தாள். கத்தரிக்கோல் வந்துகொண்டுதான் இருந்தது.

“மேட்டூர் நெறைஞ்சுக்கிட்டு வருதுங்கறாங்க. எப்ப வேணாலும் கொள்ளிடத்துல தொறப்பாங்க. அடுத்த வாரம் எனக்குத் தார் வெட்டு. பன்னெண்டு பேரைப் படுகையில எறக்கணும். அவங்களுக்கு நான்தானே பொறுப்பு? நெசமாச் சொல்லும்மா. ஒரு எண்ணைக் காட்ட இவ்வளவு நேரமா ஆவும்?”

வஹீதா கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஒரு வெற்றுப் பக்கத்தை எடுத்தாள். ஏழு வரி எழுதினாள். எந்த இடம், எவ்வளவு கன அடி, எந்த நேரத்தில், தண்ணீர் திறந்தால் ஓர் எச்சரிக்கை, இவ்வளவுதான். அதை நடுவத்தின் தளத்திலேயே ஓர் ஓரமாக வைத்துவிட்டு, பூரணியின் கைபேசியில் திறந்தாள். விரலை எடுப்பதற்குள் திறந்துவிட்டது.

பூரணி கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்க்கா.”

“அப்ப இதை ஏன் போடாம வச்சிருக்கீங்க?”

அன்று மாலை வஹீதா குழுவின் முன்னால் ஏழு வரிப் பக்கத்தைக் காட்டினாள். உறுப்பினர்கள் அது திறந்ததையே கவனிக்கவில்லை. இன்னும் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். இவ்வளவுதான் என்று அவள் சொன்னதும் சடகோபன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

“மஹா அபசாரம்! ஒரு அலங்காரம் இல்லே, ஒரு பரிவாரம் இல்லே. எண்ணை இப்படி நடுத்தெருவுல நிறுத்தறதாவது!”

பீமராவ் பொறுமையாகச் சொன்னார். “இது நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நாம எங்க இருக்கோம்?”

“நாம இல்லை சார்.”

“பாத்தியா, நீயே ஒத்துக்கறே” என்றார் பீமராவ்.

அந்த ஓரத்துப் பக்கத்தை அன்றே எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தாள், ஏழு வரியைத் தன் கணினியில் வைத்துக்கொண்டாள். குழு அதே கூட்டத்தில் குறியீட்டுச் சிக்கன வாரம் கொண்டாட முடிவெடுத்தது. வாரம் முழுவதும் இணையதளத்துக்கு வருபவர்கள் அனைவரும், தேவையற்ற ஒரு வரியையும் எழுதமாட்டேன், எழுதுபவர்களையும் ஊக்குவிக்கமாட்டேன் என்று தொடங்கும் பதினாறு வரி உறுதிமொழியைப் படித்து, மூன்று இடங்களில் சம்மதம் தெரிவித்த பிறகே உள்ளே போக முடியும். உறுதிமொழி, அதன் பின்னணியில் எரியும் குத்துவிளக்கு, விளக்கின் ஐந்து முகங்களும் தனித்தனியாக ஆடுவது எல்லாம் சேர்ந்து, சிக்கன வாரத்தின் கடைசி நாளில் டெம்ப்ளேட் பதினான்காயிரத்து இருநூற்றாறு வரியில் நின்றது.

நிறைவு விழா கொள்ளிடக் கரையோரம் ஒரு கல்யாண மண்டபத்தில். காலை பத்து மணிக்கு நல்ல நேரம். சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்திருந்தார். மண்டபத்து வாசலில் இடம் போதாமல், நடுவத்தின் இரண்டு ஜீப்புகளையும், விருந்தினரின் காரையும், குழு உறுப்பினர்களின் வண்டிகளையும் கரைக்குக் கீழே ஆற்று மணலில் நிறுத்தியிருந்தார்கள். ஆறு காய்ந்து கிடந்தது. மேடை ஓரத்தில் கணினியோடு வஹீதா உட்கார்ந்திருந்தாள். சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்கினால் பெரிய திரையில் இணையதளம் மலர வேண்டும். அது அவள் பொறுப்பு.

பீமராவ் வரவேற்றுப் பேசினார். “வரிகளைக் குறைப்பது எப்படி என்று உலகமே யோசித்துக்கொண்டிருக்கிறது. நாம் மட்டும்தான் அதற்கு இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு வரிகளை ஒதுக்கியிருக்கிறோம்!” கைதட்டினார்கள். “சிலர் கேட்கிறார்கள், மக்கள் காத்திருக்கிறார்களே என்று. காத்திருக்கட்டும். காத்திருக்க ஆள் இல்லாத அலுவலகத்தை யார் அலுவலகம் என்பார்கள்?” இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

அப்போது வஹீதாவின் கணினியில் முக்கொம்பிலிருந்து வந்த எண் மாறியது. இரண்டரை மாதமாகப் பூஜ்யமாக இருந்த இடத்தில் நாற்பத்தோராயிரம் என்று இருந்தது. நேரம் ஒன்பது ஐம்பது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால்.

மடியில் கைபேசி அதிர்ந்தது. பூரணி. தொலைபேசியைக் கழற்றிய பிறகு வஹீதா தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தாள்.

“வஹீதாம்மா, பக்கத்தைப் போட்டேன். குத்துவிளக்கு வந்து நிக்குது. உறுதிமொழி எடுக்கச் சொல்லுது. எடுத்துட்டேன், மறுபடியும் எடுக்கச் சொல்லுது. ஆளுங்க கீழ எறங்கிட்டாங்க...”

“அக்கா, தொறந்துட்டாங்க. நாப்பத்தோராயிரம். எல்லாரையும் மேல ஏத்துங்க, இப்பவே!”

அந்தப் பக்கம் பூரணி கைபேசியை மூடாமலே ஓடுவது கேட்டது. வஹீதா பார்வையாளர் கணக்கைப் பார்த்தாள். அந்த நேரத்தில் பக்கம் திறப்பதற்காக அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் பூ விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணியைத் தவிர அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்ணும் அவளிடம் இல்லை.

எழுந்து மேடையில் ஏறி, பேசிக்கொண்டிருந்த பீமராவின் காதருகே சொன்னாள். “சார், கொள்ளிடத்துல தண்ணி தொறந்துட்டாங்க. உடனே ஜனங்களுக்குச் சொல்லணும்.”

“சொல்லலாம்மா. முதல்ல விருந்தினர் பொத்தானை அமுக்கட்டும். அப்புறம் நினைவுப் பரிசு, நன்றியுரை. அதுக்கப்புறம் தாராளமாச் சொல்லு.”

அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். பதினான்காயிரத்து இருநூற்றாறு வரியையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். அந்த இடத்தில் தன் ஏழு வரியை வைத்தாள்.

சிறப்பு விருந்தினரும் புன்னகையோடு பொத்தானை அமுக்கினார். எல்லோரும் நாதஸ்வரத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, சத்தமே இல்லாமல், வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து வந்து நின்றது:

முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திறப்பு: 41,000 கன அடி. நேரம்: காலை 9.50. ஆற்றுக்குள் இருப்பவர்கள் உடனே கரையேறவும்.

மண்டபத்தின் பின்வரிசையில் ஓர் ஓட்டுநர், “ஐயையோ, வண்டி!” என்றார். முதலில் ஓடியவர்கள் குறைப்புக் குழுவினர். அவர்களுக்குப் பின்னால் விருந்தினர் ஓடினார். நினைவுப் பரிசை ஏந்தியபடி பீமராவும் ஓடினார். பதினொன்றே முக்காலுக்கு, வண்டிகள் நின்ற இடத்தில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர் போயிற்று. ஒரு வண்டிக்கும் சேதமில்லை. மதியம் பூரணி கூப்பிட்டு, பன்னிரண்டு பேரும் கரையேறிவிட்டதாகவும், கிளிக்கூட்டில் மாடு மேய்த்தவர்கள்கூட பக்கத்தைப் பார்த்து ஏறிவிட்டதாகவும் சொன்னார். தார் பாதிக்குமேல் போய்விட்டது என்றும் சொன்னார்.

மறுநாள் விசாரணை. வண்டிகள் தப்பியதற்கு இயக்குநரின் சமயோசிதமே காரணம் என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு, இரண்டாம் பத்தியில் வஹீதாவின் குற்றத்துக்கு வந்தார்கள்.

“பதினாலாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்போது வரி குறையறது. அதெல்லாம் இப்ப எங்கே?” என்று கேட்டார் சடகோபன்.

“எங்கயும் இல்லை சார். அழிச்சுட்டேன்.”

“அது நடுவத்தோட சொத்தும்மா!”

அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பூக்கள் அசைவதால் அவை அசையும் சொத்து என்றும், முன்னாள் இயக்குநர்கள் அசையாச் சொத்து என்றும் அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்தார்கள். பிறகு பீமராவ் ஒரு தாளை நீட்டினார். அறியாமையால் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று அதில் அடித்திருந்தது.

“கையெழுத்துப் போட்டுடு. ஒப்பந்தத்தை நீட்டிக்கறேன்.”

“அறியாம செய்யலை சார். தெரிஞ்சுதான் செஞ்சேன். திரும்ப வச்சீங்கன்னா திரும்ப எடுப்பேன்.”

“அப்ப இந்த மாசத்தோட ஒப்பந்தம் ரத்து.”

“சரி சார். மாசம் முடிய இன்னும் ஒம்போது நாள் இருக்கு. அது வரைக்கும் நான்தானே?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து வந்தாள்.

வீட்டுக்குப் போய் அத்தா மீரானிடம் சொன்னாள். கடையை அடைத்துக்கொண்டிருந்தவர், “மாப்பு எழுதிக் கொடுக்கலையே? நல்லது. போய்ச் சாப்பிடு” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலையே சடகோபன் காப்பாக வைத்திருந்த சிக்கன வாரத்துப் பிரதியை எடுத்து ஏற்றினார். நாதஸ்வரமும் பூவும் ஒன்பது முன்னாள் இயக்குநர்களும் திரும்பி வந்தார்கள். இப்போது உச்சியில், ‘மீட்டெடுக்கப்பட்ட பக்கம்’ என்று ஒரு பட்டை மின்னியது. அதற்கு முப்பது வரி. எடுத்தாலும் நாளைக்கே மறுபடி ஏற்றிவிடுவார்கள் என்று வஹீதாவுக்குத் தெரிந்தது. பூரணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“எத்தனை மணிக்கு ஆபீஸ் தொறப்பாங்க?” என்று மட்டும் கேட்டார் பூரணி.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு குட்டியானைச் சரக்கு வண்டிகளில் உத்தமர்சீலியிலிருந்தும் கிளிக்கூட்டிலிருந்தும் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். நேராக இயக்குநர் அறைக்குள் போய், நாற்காலியில் பத்துப் பேரும் தரையில் முப்பது பேருமாக உட்கார்ந்தார்கள். பூரணியின் தம்பி சந்திரசேகர் கதவருகே நின்றுகொண்டார்.

“என்ன வேணும் உங்களுக்கு?” என்றார் பீமராவ்.

“ஒண்ணும் வேணாங்க சார். தண்ணி எவ்வளவுன்னு பாத்துட்டுப் போயிடறோம்” என்று பூரணி தன் கைபேசியை எடுத்தார். நாற்பது பேரும் எடுத்தார்கள். எல்லோரும் பக்கத்தைத் திறந்தார்கள்.

நாற்பது நாதஸ்வரங்கள் கிளம்பின. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரை நொடி, ஒரு நொடி இடைவெளி. நாற்பது பேர் ஒரே நேரத்தில் திறந்ததால் பக்கம் இன்னும் மெதுவாக இறங்கியது; நாதஸ்வரம் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பீமராவின் மேஜைத் தொலைபேசி அடித்தது அவருக்கே கேட்கவில்லை. பதினொரு மணிக்குப் பூ விழுந்தது. பன்னிரண்டரைக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் புளிச்சோற்றுப் பொட்டலங்களும் கைமாறின. பீமராவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. ஒன்றரைக்கு நான்கு பேருக்கு மட்டும் உறுதிமொழி வந்தது. அவர்கள் எழுந்து நின்று, அதைச் சத்தமாகப் படித்தார்கள்.

“நிறுத்துங்க! உங்களுக்கு எண்தானே வேணும்? நானே சொல்றேன்” என்றார் பீமராவ்.

“வாயால சொன்னா தப்பாச்சே சார்” என்றார் பூரணி. “நாங்க பக்கத்துலயே பாத்துக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. வாழைதான் போயிருச்சே.”

வேறு வழியில்லாமல் பீமராவ் தன் கணினியில் இணையதளத்தைத் திறந்தார். நாற்பத்தோராவது நாதஸ்வரம் கேட்டது. இயக்குநராக இருந்த மூன்று வருஷத்தில் அவர் அதை முழுதாகத் திறந்து பார்த்ததே இல்லை. விழாக்களில் மற்றவர்கள்தான் திறந்து காட்டியிருக்கிறார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். ரிப்பன்கூட வரவில்லை. சடகோபன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு மூலஸ்தான சேவை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

கடைசியில் பீமராவ் வஹீதாவைக் கூப்பிட்டார்.

“எடுத்துடும்மா” என்றார் மெல்லிய குரலில்.

“எழுத்துல கொடுங்க சார்.”

அவர் அவளைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. வஹீதா வாங்கிப் படித்தாள். ‘மேற்காண் பொருள் தொடர்பாக, தேவையற்ற குறியீடு குறைப்புக் குழுவின் தொலைநோக்குப் பார்வையையும் இயக்குநர் அவர்களின் நீண்டகால முயற்சிகளையும் கருத்தில் கொண்டு, நிர்வாக நலன் கருதியும், பின்னர் பரிசீலிக்கப்படும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டும், இணையதள வார்ப்புருவின் தற்போதைய வடிவத்தைத் தற்காலிகமாக நீக்குக’ என்று இருந்தது.

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள். முதல் வரியை அடித்தாள். குழுவை அடித்தாள். இயக்குநரை அடித்தாள். நலனை, நிபந்தனையை, தற்காலிகத்தை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ‘நீக்குக’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

“இவ்வளவு போதும் சார்.”

பீமராவ் கையெழுத்துப் போட்டார். கீழே முழுப் பெயர், பட்டங்கள், பதவி, பொறுப்பு, கூடுதல் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதினார். தாளில் இருந்த உத்தரவைவிட அது நீளமாக இருந்தது. அதை மட்டும் வஹீதா விட்டுவிட்டாள்.